தீர்மான நோட்டு யார் கையில்?

எங்கள் நகர் நலச் சங்கத்தின் குடியரசு தின விழா அழைப்பிதழை மேசைமேல் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். தலைவர், துணைத் தலைவர்கள், செயலாளர், பொருளாளர், சட்ட ஆலோசகர், கௌரவ ஆலோசகர் என ஒன்பது ஆண்களின் பெயர்கள் பட்டங்களோடும் ஓய்வுபெற்ற பதவிகளோடும் அச்சாகியிருக்கின்றன. கடைசி வரியில், சின்ன எழுத்தில், 'கோலப்போட்டி, சிற்றுண்டி ஏற்பாடு: மகளிர் அணி' என்று இருக்கிறது. அணியில் பதினான்கு பேர் இருக்கிறோம். ஒருவர் பெயரும் இல்லை. கோலப்போட்டிக்கு ஐந்து ஆண்டுகளாக நடுவர் நான்தான்.

சங்கம் எதுவும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். மழைக்கு முன்னால் வாய்க்காலைத் தூர்வார வைத்தது. தெருவிளக்குக்காக நகராட்சிக்கு நடையாய் நடந்தது. கொரோனா ஊரடங்கில் வீடு வீடாகக் காய்கறி கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்தக் காய்கறியைக் கூறுகட்டிப் பையில் போட்ட கைகள் யாருடையவை, அடுத்த நாள் செய்தித்தாளில் படமாக வந்த முகங்கள் யாருடையவை என்பதுதான் என் கேள்வி.

போன ஆண்டு பொதுக்குழுவில் ஒரு கோரிக்கை வைத்தேன். பேருந்து நிலையத்துப் பெண்கள் கழிப்பறை மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. சுற்றுக் கிராமங்களிலிருந்து என் வகுப்புக்கு வரும் மாணவிகள் காலை ஆறரைக்கே வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள். வழியில் ஒதுங்க இடமில்லாததால் காலையில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திக்கொண்டவர்கள். சிறுநீர்த் தொற்றுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு தேர்வு எழுதிய பெண்ணை எனக்குத் தெரியும். பூட்டைத் திறக்கச் சொல்லி, சங்க முத்திரையோடு நகராட்சிக்கு ஒரு மனு. அவ்வளவுதான் கேட்டேன். செயலாளர் கனிவாகவே சொன்னார்: "மேடம், அது நகராட்சி வேலை. அதோட, இது பொதுக்குழுவுல பேசுற விஷயமா?"

தெருவிளக்கும் நகராட்சி வேலைதான். வாய்க்காலும் நகராட்சி வேலைதான். அவற்றுக்கு மனு எழுதிய பேனா இதற்கு மட்டும் ஏன் எழுத மறுத்தது? பிறகு தீர்மான நோட்டை வாங்கிப் பார்த்தேன். நகரின் முகப்பில் நன்கொடையாளர் பெயர் பொறித்த அலங்கார வளைவு கட்டுவதென 'ஒருமனதாக'த் தீர்மானம். என் கோரிக்கை 'இதர விஷயங்கள் விவாதிக்கப்பட்டன' என்ற ஒற்றை வரிக்குள் காணாமல் போயிருந்தது.

ஒரு நோட்டுக்காக இத்தனை கோபமா என்று கேட்கலாம். 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்பது தமிழ்நாட்டில் சட்டமானது 1989இல். இடையில் அறுபது ஆண்டுகள். அந்த அறுபது ஆண்டுகளும் அந்தக் கோரிக்கையை 'இது யாரும் கேட்காதது' என்று எவரும் தள்ளிவிட முடியாமல் செய்தது எழுதி வைத்த அந்தத் தீர்மானம். ஏட்டில் ஏறிய கோரிக்கை காத்திருக்கும். ஏறாத கோரிக்கை, கேட்டவளோடு வீட்டுக்குத் திரும்பிவிடும்.

சொத்துப் பேச்சு இங்கே காரணத்தோடுதான் வருகிறது. எங்கள் சங்கத்தில் உறுப்பினராக வீட்டு உரிமையாளராக இருக்க வேண்டும். பத்திரம் பெரும்பாலும் கணவர் பெயரில். ஆகவே அவர் உறுப்பினர், மனைவி 'மகளிர் அணி'. அணிக்கு ஓட்டு இல்லை. வாடகைக்குக் குடியிருப்பவருக்கும் இல்லை. 2016இல் வந்த சட்டத் திருத்தத்தால் தமிழக உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்றானது. நகர் நலச் சங்கத்துக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. அங்கே விட்டுக்கொடுத்த நாற்காலியை இங்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள்.

"கூப்பிட்டால் பெண்கள் வருவதில்லையே" என்பது வழக்கமான பதில். கூட்டம் ஞாயிறு இரவு ஏழரைக்கு. தோசைக்கல் அடுப்பில் இருக்கும் நேரம். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் இந்தியப் பெண் அதற்காக ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். அந்த வேலையில் ஈடுபடும் ஆண் செலவிடுவது 97 நிமிடம். அந்த வேலையைத் தொடாத ஆண்களோ ஏராளம். செயலாளருடைய தன்னார்வம், அவர் வீட்டில் இன்னொருவர் மிச்சப்படுத்திக் கொடுத்த நேரத்தில் பூக்கிறது. நமக்கோ, வீட்டு வேலை முடிந்தபின் ஊர் வேலையும் 'சேவை' என்ற பெயரில் வருகிறது. தொண்டு என்ற சொல்லுக்கு அகராதியில் அடிமைத்தனம் என்றும் ஒரு பொருள் உண்டு. தமிழ் படித்த எனக்கு, சிற்றுண்டித் தட்டுகளை எண்ணி அடுக்கும்போதெல்லாம் அந்தப் பொருள்தான் நினைவுக்கு வருகிறது.

இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றைச் சொல்லாமல் போனால் நான் பாதி நேர்மையானவள். ஒவ்வொரு விழாவிலும் எங்கள் நகரின் தூய்மைப் பணியாளர்களை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம். அவர்களில் பெண்களே அதிகம். அவர்கள் குடியிருப்பு, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. சங்கத்தின் எல்லை வாய்க்காலோடு முடிகிறது. யார் வரைந்த கோடு இது என்று மகளிர் அணியும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. பொன்னாடை மடிப்புக் கலையாமல் எடுத்துக்கொடுத்தவள் நான். ஒருமுறை மேடையிலிருந்து இறங்கிய ஒரு அக்கா என்னிடம் கேட்டார்: "துண்டு வேணாம்மா. மழையில தண்ணி எங்க பக்கம் ஏறுது. அதை உங்க கூட்டத்துல எழுதச் சொல்றீங்களா?" எழுதச் சொல்லும் அதிகாரம் எனக்கில்லை என்று அவரிடம் சொல்ல வெட்கப்பட்டுச் சிரித்து வைத்தேன். நம்முடைய கோரிக்கை 'இதர' ஆனதற்குக் கோபப்படுகிற நாம், அவருடையது நோட்டின் வாசலுக்குக்கூட வராததற்கு என்ன பதில் வைத்திருக்கிறோம்?

சங்கங்களை விட்டு வெளியேறுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. கோலப்போட்டியையும் சிற்றுண்டியையும் விட்டு வெளியேறுங்கள். கூட்ட நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். வீட்டுப் பத்திரமல்ல, அந்த ஊரில் வாழ்வதே உறுப்பினர் தகுதி என்று விதியைத் திருத்தக் கேளுங்கள். நீங்கள் பேசியது பேசியபடி ஏறியிருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வரவு செலவுக் கணக்கைக் கேளுங்கள். மாணவிகளே, "உங்கள் ஊர்ச் சங்கத்தில் செயலாளர் யார்?" என்று இன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேளுங்கள்.

மறுத்தால்? 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி, ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் போதும். அவர்கள் ஆண்களாகவோ வீட்டு உரிமையாளர்களாகவோ இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நான்கு பேரும் அந்தப் பக்கம் மூன்று பேரும் சேர்ந்தால் கணக்கு சரியாகிறது. இந்த ஆண்டு கோலப்போட்டிக்கு நடுவராக வர இயலாது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். புது நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறேன். முதல் பக்கத்தில் பேருந்து நிலையக் கழிப்பறை, இரண்டாவதாக வாய்க்கால் தண்ணீர். 'இதர விஷயங்கள்' என்று அதில் ஒரு தலைப்பு இருக்காது.