பதிவில்லாத தாலிக்கும் பாதுகாப்பு உண்டு



"எங்களுக்குக் கோயிலில் கல்யாணம் நடந்தது. ஊர் கூடி ஆசீர்வாதம் செய்தது. ஆனால் பதிவு செய்யவில்லை. இப்போது அவர் குடித்துவிட்டு வந்து அடிக்கிறார். போலீசுக்குப் போனால், கல்யாணப் பத்திரம் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது."

தோட்டத்திலும் சரி, பட்டணத்திலும் சரி, இப்படிப் பயந்து வாய் மூடி இருக்கும் பெண்கள் பலர். அவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்திரம் இல்லை என்ற காரணத்துக்காக உங்களைத் திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமே இல்லை.

நம் நாட்டில் 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. கணவன், மனைவி யார் என்று அந்தச் சட்டம் விளக்கும்போது, சமய முறைப்படியோ இன வழக்கப்படியோ திருமணச் சடங்கு நடந்திருந்தால் போதும், அது பதிவு செய்யப்படாவிட்டாலும் அவர்களும் அதில் அடங்குவர் என்று தெளிவாகக் கூறுகிறது. ஆகவே கோயிலில் கட்டிய தாலி இந்தச் சட்டத்தின் முன் செல்லும். மணவிலக்குப் பெற்ற முன்னாள் மனைவி, பிள்ளைகள், வீட்டிலுள்ள மற்றக் குடும்பத்தார் ஆகியோருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு.

இந்தச் சட்டம் தானாக வந்துவிடவில்லை. 1982இல் பெண்கள் உதவி இயக்கம் தொடங்கி, அடிபட்ட பெண்களுக்கு அடைக்கலம் கொடுத்தது. 1985இல் பல மாதர் அமைப்புகள் கைகோத்து, குடும்ப வன்முறைக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று கேட்கத் தொடங்கின. "இது வீட்டு விவகாரம்" என்றார்கள் சிலர். முஸ்லிம் குடும்பங்களின் விவகாரம் ஷரியா நீதிமன்றத்துக்கு உரியதல்லவா என்ற கேள்வியும் எழுந்தது. முடிவில் இந்தச் சட்டத்தைக் குற்றவியல் சட்டத்தோடு இணைத்து, எல்லா இனத்தாருக்கும் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவாக்கினார்கள். 1994இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 1996 ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்தது. சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று பல பெண்கள் பத்தாண்டுக்கு மேல் அலைந்து பெற்ற உரிமை இது. நமக்காகவும் பெற்ற உரிமை.

அடி உதை மட்டும்தான் வன்முறை என்று நினைக்க வேண்டாம். அடிப்பேன், வெட்டுவேன் என்று மிரட்டிப் பயமுறுத்துவது, அறையில் போட்டுப் பூட்டுவது, விருப்பமில்லாததைப் பலவந்தமாகச் செய்ய வைப்பது, மனம் நோகவேண்டும் என்றே வீட்டுப் பொருள்களை உடைப்பது எல்லாமே இதில் சேரும். 2012இல் செய்த திருத்தத்தால் மன ரீதியான கொடுமையும் சேர்க்கப்பட்டது.

சரி, என்ன செய்வது?

உயிருக்கே ஆபத்து என்றால் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடுங்கள். முதலில் வீட்டைவிட்டு வெளியேறுங்கள். காயம் பட்டிருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "படியில் விழுந்துவிட்டேன்" என்று சொல்லாதீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். டாக்டர் எழுதும் குறிப்பு பிறகு உங்களுக்குச் சாட்சியாக நிற்கும்.

அடுத்து, அவசரப் பாதுகாப்பு உத்தரவு. 2017இல் செய்த திருத்தத்தின்படி 2018 முதல் இது நடப்பில் உள்ளது. இதற்கு முன்கூட்டியே போலீசில் புகார் செய்திருக்க வேண்டும் என்பதில்லை. சமூக நல இலாகா அதிகாரியிடம் விண்ணப்பித்தால் போதும். இரண்டு மணி நேரத்துக்குள் அவர் அதைப் பிறப்பிக்கலாம். அது ஏழு நாள் செல்லும். அந்த இலாகா எங்கிருக்கிறது என்று தெரியாதவர்கள் 15999 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

அந்த ஏழு நாளுக்குள் போலீசில் புகார் செய்துவிடுங்கள். புகாரின் நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். போலீஸ் விசாரணை நடக்கும்போது, சமூக நல அதிகாரியின் துணையோடு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். இதற்கு வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதில்லை. கணவர் மீது வழக்குத் தொடுக்கப்பட்டால், வழக்கு நடக்கும் காலத்துக்கு நீதிமன்றம் பாதுகாப்பு உத்தரவு கொடுக்கலாம். அவர் உங்கள் அருகில் வரக்கூடாது என்றும், வீடு அவர் பெயரிலேயே இருந்தாலும் அவர்தான் வெளியே இருக்கவேண்டும் என்றும்கூட உத்தரவிட முடியும். தோட்டத்து வீடு நிர்வாகத்துக்குச் சொந்தமானது என்பதால், அதைப்பற்றி மட்டும் சட்ட உதவி இலாகாவில் முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள்.

உத்தரவை மீறினால் இரண்டாயிரம் வெள்ளி வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மீறி அடித்தால் தண்டனை இன்னும் கூடும்.

விட்டுவந்த துணிமணி, பிள்ளைகளின் புத்தகம், பத்திரங்களை எடுக்க வீட்டுக்குப் போகவேண்டுமா? தனியாகப் போகாதீர்கள். துணைக்கு வருவதும், பாதுகாப்பான இடத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் போலீசார், நல அதிகாரிகளின் கடமைகளில் அடங்கும். கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

கோயில் தலைவர்கள், மண்டோர்கள், பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடிபட்டு வருகிற பெண்ணிடம், "கொஞ்சம் அனுசரித்துப் போம்மா, குடும்பம் என்றால் அப்படித்தான்" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறோம். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் அவள் திரும்பிப் போவது அதே கைக்குத்தானே? சமாதானம் பேசப் பிறகு நேரம் உண்டு. அன்றிரவு அவளும் பிள்ளைகளும் எங்கே படுப்பார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

இவ்வளவு சொன்னதால், பதிவே வேண்டாம் போலிருக்கிறது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பதிவில்லாத தாலி அடியிலிருந்து காக்கும் சட்டத்துக்குப் போதும். மற்ற எல்லாவற்றுக்கும் போதாது. 1982 மார்ச் முதல் தேதியிலிருந்து, முஸ்லிம் அல்லாதார் திருமணங்கள் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது சட்டம். பதிவில்லாவிட்டால் மணவிலக்கு, ஜீவனாம்சம், சொத்துப் பங்கு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் என்று ஒவ்வொன்றிலும் சிக்கல் முளைக்கும். அந்தத் தேதிக்கு முன் வழக்கப்படி முறையாக நடந்த திருமணங்கள் சட்டப்படி பதிவானதாகவே கருதப்படும். வயதான தாய்மார்கள் கலங்க வேண்டியதில்லை.

கல்யாண வயதில் பெண் வைத்திருப்பவர்கள் மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் முன்பே தேசியப் பதிவு இலாகாவுக்குப் போய்வாருங்கள். மற்றவர்கள் 15999 என்ற எண்ணை இப்போதே எழுதி, அரிசி டின்னின் மூடிக்கு உட்புறம் ஒட்டி வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாமலே போகட்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஒரு நாள் தேவைப்படலாம்.

அடுத்த இதழில் திருமணப் பதிவு பற்றி விரிவாகப் பார்ப்போம்.