திங்கட்கிழமை வயிற்றுவலி

ஞாயிறு முழுக்க ஓடி விளையாடிய குழந்தை, திங்கட்கிழமை காலையில் வயிறு வலிக்கிறது என்கிறது. மருத்துவர் பார்த்துவிட்டு, உடலில் குறையொன்றும் இல்லை என்கிறார். ‘பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நடிக்கிறாள்’ என்று வீட்டில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அந்த வலி பெரும்பாலும் நடிப்பல்ல.

மூளையின் ஆழத்தில் அமிக்டலா என்ற பகுதி இருக்கிறது. வாதுமைப் பருப்பு அளவுதான். ஆபத்தென்று பட்டதும் உடலை உசுப்பிவிடுவது அதன் வேலைகளில் ஒன்று. அப்போது அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கிறது. ஓடுவதற்கு வேண்டிய தசைகளுக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. வயிற்றுக்கும் குடலுக்கும் குறைகிறது. வயிறு பிசைகிறது, குமட்டுகிறது. துரத்துவது தெருநாயா, ஒப்பிக்க வேண்டிய வாய்ப்பாடா என்று உடல் பார்ப்பதில்லை. ‘வயிற்றில் புளியைக் கரைக்கிறது’ என்று நாம் சொல்வது இதைத்தான்.

ஆறு வயதுக் குழந்தைக்கு ‘வயிறு’ தெரியும், ‘பதற்றம்’ தெரியாது. தெரிந்த சொல்லில்தான் அது பேசுகிறது.

சொல் கிடைத்தால் என்ன மாறும்? லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மேத்யூ லீபர்மன் குழு 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பயமும் கோபமும் தெரியும் முகங்களைப் பார்த்தவர்கள் அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது, அமிக்டலாவின் செயல்பாடு தணிந்தது. பங்கேற்றவர்கள் பெரியவர்கள். அதை அப்படியே குழந்தைகளுக்குப் பொருத்த முடியாது என்றாலும், திசை தெரிகிறது.

‘ஏன் அழுகிறாய்?’ என்ற கேள்வி காரணம் கேட்கிறது. குழந்தைக்கே காரணம் தெரியாமல் இருக்கலாம். ‘எங்கே என்னவோ செய்கிறது? எந்த வகுப்பு வரும்போது கூடுகிறது?’ என்பவற்றுக்குப் பதில் சொல்வது எளிது. எதிரே உட்காரவைத்து விசாரிப்பதைவிட, சேர்ந்து கீரை ஆயும்போது பேச்சு தானாக வரும். ‘இன்று ஆபீசில் எனக்கும் படபடப்பாக இருந்தது, பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன், குறைந்தது’ என்று அம்மாவோ அப்பாவோ சொன்னால், இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லலாம் என்று குழந்தைக்குப் புரிகிறது.

இங்கே ஒரு சிக்கல். வீட்டிலேயே இருக்கச் சொன்னால் பத்து மணிக்கு வலி நின்றுவிடும். அந்த நிம்மதியே அடுத்த திங்களின் பயத்தை வளர்க்கும். பள்ளியில் யாரேனும் அடிக்கிறார்களா, மிரட்டுகிறார்களா என்று முதலில் அறிய வேண்டும். இருந்தால் அதை நிறுத்துவது பெரியவர்கள் பொறுப்பு. இல்லையென்றால், ஆசிரியரிடம் பேசி, அரைநாளாவது அனுப்பிப் பழக்குவதே நல்லது என்பது என் எண்ணம்.

பயமும் சோகமும் நோயல்ல. தூக்கம், சாப்பாடு, விளையாட்டு மூன்றும் இரண்டு வாரங்களுக்கு மேல் கெட்டுப்போனால் மனநல மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ காட்ட வேண்டும். எங்கே தொடங்குவதென்று தெரியாதவர்கள் 14416ஐ அழைக்கலாம். 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய இந்த ‘டெலி மானஸ்’ சேவை இலவசம். இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். குழந்தைக்காகத் தாயோ தந்தையோ அழைத்துக் கேட்கலாம்.