எண்ணிக்கை வேறு, வீதம் வேறு

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20 ஆந் திகதி மாலை ஆறு மணிக்கு இலங்கை முழுவதும் ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மறுநாட் காலையில் கல்முனைப் பட்டினத்தின் பெருந்தெரு வெறிச்சோடிக் கிடந்தது. கடைகள் மூடியிருந்தன, பள்ளிவாசல்களிலே கூட்டுத்தொழுகை நின்றுவிட்டது, மக்கள் மனைக்குள் ஒடுங்கினர். அவ்வேளையில் தெருவில் நின்றோர் மிகச் சிலர். அவருள்ளும் பெரும்பாலார் பொலிஸார்.

வைத்தியரும் தாதியரும் இன்னார் நோயாளர் என்று அறிந்தே அவரை அணுகினர். பொலிஸாரோ நோயுற்றவர் யார், அற்றவர் யார் என அறியாமலே எல்லாரையும் அணுகினர். அனுமதிச் சீட்டைக் கைநீட்டி வாங்கிப் பார்த்தனர். சட்டத்தை மீறியவரைப் பிடித்து வண்டியில் ஏற்றினர். அவ்வாண்டு மே மாத முடிவுக்குள் ஊரடங்கை மீறியமைக்காகக் கைதானோர் நாடெங்கும் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டவர். ஒவ்வொரு கைதும் ஒரு தீண்டல். அத்தனை தீண்டல்களுள் எத்தனை தொற்றாக முடிந்தன?

இவ்வினாவுக்கு விடையாக அக்காலத்துச் செய்திகளில் அவ்வப்போது சில எண்கள் வெளிவந்தன. இன்ன நிலையத்தில் இத்தனை பேருக்குத் தொற்று என்பர். படித்தவர்களும் அவ்வெண்ணைக் கண்டு அஞ்சினர், அன்றேல் ஆறுதலடைந்தனர். ஆயினும் அவ்வெண் அச்சத்துக்கும் ஆதாரமாகாது, ஆறுதலுக்கும் ஆதாரமாகாது. வகுப்பிலே ஆறு மாணவர் வரவில்லை என்று ஆசிரியர் ஒருவர் கூறினால், அதிபர் உடனே கேட்பது யாது? இடாப்பில் உள்ளவர் எத்தனை பேர் என்பதன்றோ? நாற்பதில் ஆறும் பன்னிரண்டில் ஆறும் ஒன்றாகா. எண்ணிக்கை மேலே நிற்கும் எண். வீதத்துக்குக் கீழே ஓர் எண் வேண்டும். தமிழில் வீதம் என்னும் சொல்லைப் பங்கு என்ற பொருளிலே நாம் நெடுங்காலமாக வழங்குகின்றோம். ‘ஆளுக்கு இரண்டு வீதம்’ என்று பந்தியிலே பரிமாறுகின்றவனுக்கும் எத்தனை ஆள் என்பது தெரியாமல் வேலை நடவாது.

கீழெண் கிடைத்துவிட்டாலும் வில்லங்கம் தீர்ந்துவிடாது. பரிசோதிக்கப்பட்டவர் யார் என்பது அடுத்த வினா. காய்ச்சல் கண்டவரை மட்டும் சோதித்தால், காய்ச்சலின்றியே நோயைச் சுமந்தவர் கணக்கில் வாரார். பொலிஸ் படையிலோ உடல் வலிமை வாய்ந்த இளையோர் மிகுதி. அறிகுறியின்றி நோய் கடந்து போவதற்கு ஏற்ற உடம்பினர். மேலும், மூக்கிலிருந்து மாதிரி எடுத்துச் செய்யும் பீ.சீ.ஆர். பரிசோதனை அன்றைய நிலையை மட்டுமே கூறும். முன்னர்த் தொற்றி நீங்கியவரை அறிய வேண்டுமாயின் குருதியிற் பிறபொருளெதிரிகளைத் தேடுதல் வேண்டும்.

இவ்வேறுபாடு எத்துணைப் பெரிதென்பதை நியூயோர்க் நகரத்தின் அனுபவம் காட்டும். 2020 ஏப்ரல் முதற் பகுதியில் அந்நகரத்துச் சீருடைப் பொலிஸாருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் சுகவீன விடுப்பில் இருந்தனர். விடுப்பெடுத்தோர் எல்லாரும் இந்நோய் கண்டவருமல்லர். நோய் கண்டோர் எல்லாரும் விடுப்பெடுத்தவருமல்லர். எனவே, மே முதல் ஜூலை வரை அந்நகரத்துப் பொதுப்பணியாளருட் குருதியாய்வு ஒன்று நடத்தப்பட்டது. பங்குபற்றியோர் 22,647 பேர். பிறபொருளெதிரி காணப்பட்டோர் நூற்றுக்கு 22.5. பொலிஸாரின் வீதமும் தீயணைப்போரின் வீதமும் இந்தப் பொதுவீதத்தை ஒட்டியே இருந்தன. சிறைச்சாலைப் பணியாளரிடத்து அது 39.2 ஆகவும், அவசர மருத்துவ உதவியாளரிடத்து 38.3 ஆகவும் உயர்ந்தது.

இவ்வாய்வில் என் கருத்தைப் பெரிதும் கவர்ந்த செய்தி வேறொன்று. வீட்டிலே நோயாளர் ஒருவரோடு உடனுறைந்தவருக்குத் தொற்றியிருக்கும் வாய்ப்பு விகிதம், அவ்வாறு உறையாதவரினும் மூன்றரை மடங்காக இருந்தது. தெருவைவிட மனை கொடிதாயிற்று! கையுறையை இடைவிடாது அணிந்தோரிடத்துத் தொற்று சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டது என்றும் அவ்வாய்வு கூறுகின்றது. இதனைக் கண்டு கையுறைதான் நோயைத் தந்தது என்று கொள்ளலாகாது. ஆபத்து மிக்க பணியில் நின்றவரே அதனை மிகுதியாக அணிந்திருத்தல் கூடும். எண்களைப் படிப்பவர் இவ்விடத்திலேதான் வழுக்கி விழுவர்.

மனை என்று அங்கே கூறியது இங்கே எதற்குப் பொருந்தும்? நம் நாட்டிலே காவற்கடமை புரிவோருட் பலர் சொந்த ஊரை விட்டு வந்து விடுதிகளில் உறைபவர். ஒரே கூரை, ஒரே குளியலறை, ஒரே உணவுக்கூடம். அவருக்கு விடுதியே மனை. 2020 ஏப்ரலில் வெலிசறைக் கடற்படை முகாமில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. ஜா-எலப் பகுதியிலே சுதுவெல்ல என்னும் ஊரில் நோயாளரோடு பழகியவரைத் தேடித் தனிமைப்படுத்தும் பணியிற் கடற்படையினர் ஈடுபட்டனர். அதன் பின்னர் முகாமுக்குள் நோய் பரவிற்று. ஜூன் மாதத்தளவில் நோய் கண்ட கடற்படையினர் ஏறத்தாழத் தொளாயிரவர். அன்று நாட்டில் இனங்காணப்பட்டோருள் இஃது ஏறக்குறையப் பாதி. தெருவிலே தொடங்கியது சிறிது. கூரையின் கீழே பெருகியது பெரிது. காவற்கடமை எத்துணை ஆபத்தானது என அளக்கப் புகுவோர் இவ்விரண்டையும் பிரித்து அளத்தல் வேண்டும். பிரிக்காவிடின் முகக்கவசத்தை மாற்றுவதா, விடுதியை மாற்றுவதா என்பது விளங்காது.

இனி நம் கரைக்கு வருவோம். அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தைக் கொண்ட கல்முனைச் சுகாதாரப் பிராந்தியம் பதின்மூன்று சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளது. பொலிஸ் பிரிவுகளின் எல்லையோ வேறு. தொற்றுநோய் பற்றிய அறிவித்தல் நோயாளரின் வதிவிடத்தை நோக்கிச் செல்வதே நெடுநாள் வழமை. அநுராதபுரத்திலோ குருநாகலிலோ வீடுடைய ஒரு கொஸ்தாப்பு அக்கரைப்பற்றிலே கடமை புரிந்து நோயுற்றால், அவர் எவ்வூரின் கணக்கிற் சேர்வார்? வதிவிடத்திற் சேர்த்தால் கரையோரத்தின் கீழெண்ணில் அவர் இல்லை. கடமையிடத்திற் சேர்த்தால் ஊராரின் மேலெண்ணில் அவர் கூடுவார். இது கணக்கரின் சிறு தொல்லை போலத் தோன்றும். ஆனால் 2020 நவம்பரில், பேலியகொடை மீன் சந்தையிலிருந்து பரவிய தொற்று அக்கரைப்பற்றை எட்டி அப்பகுதி தனிமைப்படுத்தப்பட்டபோது, நோய் எங்கிருந்து யாரால் வந்தது என்ற பேச்சு ஊர்தோறும் எழுந்தது. ஊரார் பொலிஸாரை நோக்கினர்; பொலிஸார் ஊராரை நோக்கினர். கணக்குச் சரியாக இல்லாத இடத்தை ஐயம் வந்து நிரப்பும்.

இவ்விடத்திலே, வேறெந்த மாகாணத்திலும் இத்துணை ஆழமாக உணரப்படாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்நோயால் இறந்தோரின் உடல்களை எரித்தே ஆகவேண்டும் என்று 2020 ஏப்ரல் 11 ஆந் திகதி வர்த்தமானி கட்டளையிட்டது. உலகச் சுகாதார நிறுவனம் அடக்கத்தையும் ஒப்புக்கொண்டிருந்தது. எனினும் அக்கட்டளை 2021 பெப்ரவரி இறுதிவரை நீங்கவில்லை. முஸ்லிம் ஊர்களிலே அக்காலத்திற் பரிசோதனை என்ற சொல்லே வேறு பொருள் பெற்றது. முதிய தந்தைக்குக் காய்ச்சல் கண்டால் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வதா, வீட்டிலே வைத்துப் பார்ப்பதா என்று பிள்ளைகள் கலங்கினர். நோயை விட, நோய் எனச் சொல்லும் தாளுக்கு அஞ்சினர். 2021 மார்ச் 5 ஆந் திகதி ஓட்டமாவடியில் முதல் அடக்கம் நடந்த பின்னரே அவ்வச்சம் ஓரளவு தணிந்தது.

அளவையை இந்நிலையில் வைத்து எண்ணிப் பாருங்கள். பொலிஸாரைப் பரிசோதிக்க மேலதிகாரியின் ஆணை ஒன்று போதும். வரிசையாக வந்து நிற்பர். ஊராரோ கதவைச் சாத்துவர். இருவர் எண்களையும் அருகருகே வைத்தால் பொலிஸார் மிகுதியாக நோயுற்றனர் என்று தோன்றும். உண்மையில் அங்கே அளக்கப்பட்டது நோயன்று. யார் தம்மைச் சோதிக்க இசைந்தனர் என்பதே. ஊரின் உண்மை வீதம் தெரியாதபோது காவலரின் வீதம் அதனினும் உயர்ந்ததா தாழ்ந்ததா என்று கூற எந்தக் கணித வல்லுநராலும் இயலாது. காவலர் தம் ஆபத்துக்கு ஈடு கோரினாலும் அதற்கு வேண்டிய சான்று அந்தச் சாத்திய கதவுகளுக்குப் பின்னே கிடக்கின்றது. அக்கட்டளைக்காக 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எண்ணப்படாமற் போனோரை அத்தீர்மானம் எண்ணித் தரவில்லை.

மும்பை நகரிலே 2020 ஏப்ரல் இறுதியில் பொலிஸார் மூவர் அடுத்தடுத்து இறந்தபின், ஐம்பத்தைந்து வயதைக் கடந்த காவலர் வீட்டிலிருக்குமாறு பணிக்கப்பட்டனர். நல்ல முடிவு. ஆயினும் அதன் பின்னர் இறப்பு வீதம் குறைந்தால், தொற்றுக் குறைந்தது என்று யாரும் மகிழலாகாது. முதியோர் கீழெண்ணிலிருந்து விலகிவிட்டனர்.

அடுத்த நோய் வருமுன் செய்யத்தக்கது பெருஞ் செலவுடையதன்று. ஒவ்வொரு நிலையத்திலும் கடமைப் பதிவேடு ஏற்கெனவே உண்டு. யார் எந்நாளில் எங்கே நின்றார் என்பது அதில் எழுதப்படுகின்றது. அதனைச் சுகாதார வைத்திய அதிகாரியின் ஏட்டோடு இணைத்து, அறிகுறி இருப்பினும் இல்லாவிடினும் குறித்த கால இடைவெளியில் எல்லாரையும் சோதித்து, அதே நாட்களில் அதே தெருவின் குடும்பங்கள் சிலவற்றையும் அவர் இசைவோடு சோதித்தால், ஒப்பிடத்தக்க இரு வீதங்கள் கிடைக்கும். சாவடியில் நின்ற நாட்களுக்கு ஒரு நிரலும், விடுதியில் உறங்கிய இரவுகளுக்கு வேறொரு நிரலும் அவ்வேட்டில் இருத்தல் வேண்டும்.