பிள்ளையிடம் கேட்டீர்களா?

கொடுங்குற்ற வழக்கு என்றால், 16 வயதுப் பிள்ளையைப் பெரியவரைப் போல விசாரிக்கலாமா என்று மனமுதிர்ச்சியை அளக்கிறது 2015 இளைஞர் நீதிச் சட்டம். அதே பிள்ளை தூக்கம் கெட்டு மனநல மருத்துவரிடம் போனால்? 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, 18 நிறையும் வரை சம்மதம் சொல்வது பெற்றோர் அல்லது காப்பாளர். தண்டிக்க முதிர்ச்சி உண்டு, தன் சிகிச்சையைப் பற்றிப் பேச மட்டும் இல்லையாம்!

வாலாஜாபாத் பக்கத்துக் காலனியிலிருந்து பிள்ளையோடு காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறும் அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார். அவரை நாங்கள் குறை சொல்லவில்லை. டாக்டர் அவரிடம்தான் கேட்கிறார். "படிக்க மாட்டேங்குறான், கோவப்படுறான்" என்கிறார். வகுப்பில் சாதியைச் சொல்லிக் கூப்பிட்டதைப் பையன் அம்மாவிடமே சொல்லியிருக்க மாட்டான். அவமானம் கோளாறாகச் சீட்டில் ஏறுகிறது.

சிறாரை உள்நோயாளியாகச் சேர்க்கும்போது, அறிய முடிந்தால் அவர்கள் விருப்பத்தையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது 87-ம் பிரிவு. அதென்ன, முடிந்தால்? வாயுள்ள பிள்ளைதானே! தனியாகப் பத்து நிமிடம் பேசுங்கள். மாத்திரை எதற்கு, என்ன செய்யும் என்று அவனுக்கே தமிழில் சொல்லுங்கள். புறநோயாளிகளுக்கும் இதை விதியாக்க வேண்டும் என்கிறோம்.

தோழர்களே, அடுத்த முறை யாருக்காவது துணைக்குப் போனால், அந்தப் பத்து நிமிடத்தைக் கேட்டு வாங்குங்கள்.