அழகு மீட்டரா? ஆபத்தைச் சொல்லும் மீட்டரா?

கார் வாங்குகிறவர்கள் பலர். காரைத் தாங்களே கட்டுகிறவர்கள் சிலர்.

சென்னை வேளச்சேரியை ஒட்டி இருக்கிறது ஐ.ஐ.டி. அங்குள்ள "ரஃப்தார்" என்ற மாணவர் குழு, பந்தயக் கார்களைத் தானே கட்டி ஓட்டுகிறது. "ரஃப்தார்" என்றால் இந்தியில் வேகம். 2022 நவம்பரில் இக்குழு மின்சாரப் பந்தயக் கார் ஒன்றையும் வெளியிட்டது. இவர்களைப் போல, வீட்டுக் கொட்டகையில் கார் கட்டிப் பார்க்க ஆசைப்படும் இளைஞர்களும் உண்டு.

ஆசை நல்லதுதான். ஆனால், மீட்டர் வாங்கும்போது பலர் பளபளப்பைப் பார்த்து ஏமாந்து போகிறார்கள். நீல விளக்கு, சிவப்பு முள், 240 கிலோ மீட்டர் வரை எண்! பார்க்க ஜோராக இருக்கிறது. அந்தக் காரோ 100-ஐத் தாண்டினாலே அதிசயம்!

முதலில் எது?

முதலில் வாங்க வேண்டியது வேக மீட்டர் அல்ல. என்ஜின் ஆயிலின் அழுத்தத்தைக் காட்டும் மீட்டரும், தண்ணீரின் சூட்டைக் காட்டும் மீட்டரும்தான்.

என்ன காரணம்?

என்ஜினுக்குள் உலோகமும் உலோகமும் உரசாமல் காப்பது ஆயில். ஒரு பம்பு அதை அழுத்தித் தள்ளுகிறது. அழுத்தம் விழுந்துவிட்டால் பேரிங் தேயும். அப்படியே ஓட்டினால் என்ஜின் இறுகி நின்றுவிடும். மாதக் கணக்கில் சேர்த்த பணம் சில நிமிஷத்தில் போய்விடும்.

சாதாரணக் கார்களில் இதற்கு ஒரு சிவப்பு விளக்குதான் இருக்கும். அது எரியும்போது காரியம் முற்றியிருக்கும். முள்ளோ, அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்போதே சொல்லிவிடும்.

சூட்டு மீட்டரில் ஒரு சூது உண்டு. ரேடியேட்டர் குழாய் வெடித்துத் தண்ணீர் போய்விட்டால், முள் மேலே ஏறும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். சில சமயம் அது கீழே இறங்கும்! தண்ணீரில் நிற்க வேண்டிய சென்சார் வெறும் காற்றில் நிற்பதே காரணம். ஆகவே, முள் திடீரென்று இறங்கினாலும் காரை நிறுத்த வேண்டும்.

ஜோடி பிரியக்கூடாது

புதுப்பேட்டையில் பழைய மீட்டர் மலிவாகக் கிடைக்கும். வாங்கலாம், தவறில்லை. ஆனால் அதற்கு உரிய சென்சாரையும் கேட்டு வாங்க வேண்டும். இரண்டும் ஜோடி. ஜோடி மாறினால் மீட்டர் பொய் சொல்லும்.

மெய்யா, பொய்யா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். மீட்டருக்கும் சென்சாருக்கும் கம்பி இணைத்து, சென்சாரின் நுனியை மட்டும் கொதிக்கும் தண்ணீரில் வைக்க வேண்டும். சென்னையில் தண்ணீர் ஏறக்குறைய 100 டிகிரியில் கொதிக்கும். முள்ளும் அங்கே வந்து நின்றால், அந்த மீட்டரை நம்பலாம்.

வேளச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு: தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்தை அந்தப் பகுதி மறக்கவில்லை. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும், மக்கள் கார்களை மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். மீட்டரின் எர்த் கம்பி துருப்பிடித்தால், நல்ல மீட்டரும் தப்பாகக் காட்டும். மழைக்காலம் முடிந்ததும் அந்த இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்வது அவசியம்.

பந்தயக்காரர்களிடம் ஒரு பழைய யுக்தி உண்டு. எல்லாம் சரியாக இருக்கும்போது எல்லா முள்ளும் நேராக மேலே நிற்கும்படி மீட்டர்களைத் திருப்பி மாட்டுவார்கள். எண்ணைப் படிக்க வேண்டாம். ஒரு முள் சாய்ந்தாலே கண்ணில் படும்! இருபது எண்களைக் கொட்டும் புதுத் திரைகளைவிட இது மேல். வளைவில் திரும்பும்போது இருபது எண்களை யார் படிப்பது?

வேக மீட்டரை அறவே விட்டுவிடலாமா? கூடாது. ரோட்டில் ஓடும் காருக்கு அது கட்டாயம் என்று 1989-ம் ஆண்டு மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. வீட்டில் கட்டிய காரைப் பதிவு செய்யாமல் ரோட்டுக்குக் கொண்டுவரவும் முடியாது.

மின்சாரக் காரில் என்ஜின் ஆயில் இல்லை. அங்கே கவனிக்க வேண்டியது பாட்டரியின் சூடு. கோவை அருகே "பார்முலா பாரத்" என்ற மாணவர் போட்டி நடக்கிறது. மின்சாரக் காரின் பாட்டரியில் கோளாறு என்றால், ஓட்டுகிறவரின் கண் எதிரே சிவப்பு விளக்கு எரிய வேண்டும் என்பது அங்கே விதி. விளக்கு இல்லாத கார் களத்தில் இறங்க முடியாது.