ஆண்டுக்குப் பன்னிரண்டு புத்தகம்



ஆண்டு பிறந்தால் நாம் எல்லோரும் ஏதாவதொரு தீர்மானம் செய்துகொள்கிறோம். தேநீருக்குச் சீனியைக் குறைப்பது, மாதம் ஐம்பது வெள்ளி சேமிப்பது என்று வீட்டுக்கு வீடு ஒன்று இருக்கும். தைப்பூசக் காவடிகள் பத்துமலைக்குப் போய்த் திரும்புவதற்குள் அதில் பாதி மறந்தும் போய்விடும். நானும் அப்படி மறந்தவள்தான். ஆனால் ஒரே ஒரு தீர்மானம் மட்டும் சில ஆண்டுகளாக என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றி இம்முறை எழுதுகிறேன்.

யுனெஸ்கோ நிறுவனம் 2020ஆம் ஆண்டுக்கு நமது கோலாலம்பூரை உலகப் புத்தகத் தலைநகரமாகத் தேர்ந்தெடுத்திருந்தது. 2001இல் மட்ரிட், 2003இல் புதுடில்லி என்று பெரிய நகரங்கள் பெற்ற பெருமை அது. ஏப்ரல் 23ஆம் நாள் கொண்டாட்டம் தொடங்க வேண்டும். அதற்குள் மார்ச் 18ஆம் நாளே நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்துவிட்டது. பந்தல் போட்டு வாழைமரம் கட்டிய பிறகு கல்யாணம் நின்றது போல, புத்தகத் தலைநகரத்தில் நூலகங்கள் பூட்டிக் கிடந்தன.

செந்தூலில் எங்கள் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த நாளில், பொழுது போகாமல் என் புத்தக அலமாரியைத் துடைத்து அடுக்கினேன். அறுபதுக்கு மேல் இருந்தன. கல்கி, அகிலன், மு.வ., நா. பார்த்தசாரதி என்று ஏறக்குறைய எல்லாம் தமிழ்நாட்டு நாவல்கள். நம் நாட்டு எழுத்தாளர்களின் நூல்கள் மூன்றே மூன்று. அவையும் நூல் வெளியீட்டு விழாவில் மொய் வைப்பது போல வாங்கியவை. பக்கம் பிரிக்கப்படவில்லை. மலாய் நூல் ஒன்றுகூட இல்லை. மலாயில் பாரம் நிரப்புகிறேன், கூட்டக் குறிப்பு எழுதுகிறேன், பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை திருத்தவும் செய்கிறேன். ஆனால் தேர்வுக்காக அல்லாமல், ஆசைக்காக ஒரு மலாய் நாவலைக் கையில் எடுத்ததே இல்லை.

பள்ளியில் நீலாம் வாசிப்புத் திட்டம் இருக்கிறதல்லவா, அதில் பிள்ளைகள் படித்த நூல்களின் கணக்கைப் பதிய வேண்டும். ஓராண்டு ஒரு சிறுமி நூற்றெண்பது தலைப்புகள் பதிந்திருந்தாள். "எது உனக்குப் பிடித்த கதை? சொல்லேன்" என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அட்டையின் பின்பக்கத்தை அப்படியே எழுதியிருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. கோபித்துக்கொண்டேன். அலமாரியைத் துடைத்த அன்று அந்தக் கோபத்தை நினைத்து வெட்கமாக இருந்தது. எண்ணிக்கைக்குப் படித்தவள் அவள். நானோ முப்பது ஆண்டுகளாக ஒரே தெருவில் போய் வந்துகொண்டிருந்தவள்.

ஆகவே ஒரு சவால் வைத்துக்கொண்டேன். மாதம் ஒரு புத்தகம். அதில் தமிழ்நாட்டு நூல் மூன்றுக்கு மேல் கூடாது. ஒரு மலாய் நாவல், சீன எழுத்தாளர் ஒருவர், நம் நாட்டுத் தமிழ் நூல் இரண்டு கட்டாயம். மீதி அறிவியல், வரலாறு, எதுவாக இருந்தாலும் சரி. ஆனால் அதுவரை நான் தொடாத துறையாக இருக்க வேண்டும். கொமுட்டர் ரயிலில் பள்ளிக்குப் போக வரத்தான் வாசிப்பு நேரம். முதல் ஆண்டு பன்னிரண்டில் ஏழுதான் முடிந்தது. அறிவியல் நூல் நாற்பதாம் பக்கத்தில் நின்றுவிட்டது. இன்னும் அங்கேயேதான் நிற்கிறது.

சீன எழுத்தாளர் என்று லூ சுன் கதைகளைத் தமிழில் படித்தேன். எங்கள் பக்கத்து மளிகைக் கடையில் காத்திருக்கும்போது புத்தகத்தை மேசையில் வைத்தேன். அட்டைப் படத்தைப் பார்த்த சீனக் கடைக்காரர், "சிக்கு, இவரை நான் பள்ளியில் படித்திருக்கிறேன்!" என்று மலாயில் சொல்லி, நம்பாதவர் போல என்னையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இருபது ஆண்டுகளாக வெங்காய விலையைத் தவிர நாங்கள் வேறெதுவும் பேசியதில்லை. அன்று அரைமணி நேரம் பேசினோம். பின்னால் நின்றவர்களுக்குத்தான் எரிச்சல்.

மலாய் நாவலுக்கு ஷானோன் அகமது 1966இல் எழுதிய 'ரஞ்சாவ் செப்பாஞ்சாங் ஜாலான்' கிடைத்தது. கெடா மாநிலத்து நெல் விவசாயி லாஹூமா, மனைவி ஜெஹா, ஏழு பெண் பிள்ளைகள். வயலில் காலில் தைத்த ஒரு முள் அவனைப் படுக்கையில் தள்ளி, உயிரையே கொண்டுபோகிறது. அதன்பின் நண்டுக் கூட்டமும் குருவிக் கூட்டமும் பயிரை அழிக்க வர, ஜெஹாவின் புத்தி பேதலிக்கிறது. கெடாப் பேச்சு வழக்கு எனக்குப் பிடிபடாமல் அகராதியோடு இரண்டு மாதம் பிடித்தது. மலாய்க்காரர்களுக்கு நிலம் இருக்கிறது, கவலை இல்லை என்று லயத்தில் பெரியவர்கள் பேசக் கேட்டு வளர்ந்தவள் நான். மழை பெய்தால் பால்மரம் வெட்ட முடியாமல் கூலி போய்விடுமே என்று வானத்தைப் பார்த்து நின்ற என் அம்மாவின் முகந்தான் ஜெஹாவுக்கு இருந்தது.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டியது இன்னொன்று உண்டு. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சென்ற ஆண்டு நம் நாட்டுத் தமிழ் நூலாக ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலை எடுத்திருந்தேன். 1993இல் வந்தது. அந்தப் பிரிக்கப்படாத மூன்றில் ஒன்று. ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட நம் தோட்டத்து மக்களைக் கொண்டுபோன கதை. கூடத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோது, "என்னம்மா, அழுதுகிட்டுப் படிக்கிறே?" என்று அம்மா கேட்டார். சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கொஞ்சம் சத்தமாப் படி" என்றார்.

அம்மா கைக்குழந்தையாக இருந்தபோது அவருடைய அப்பாவைச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. இது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு வரியாகத்தான் தெரியும். ஒவ்வோர் இரவும் பசியாறிய பின் பத்துப் பக்கம் படித்தேன். இடையிடையே அம்மா நிறுத்தச் சொல்லி, தன் அம்மா சொன்னதைச் சொல்லுவார். லாரி வந்து நின்ற இடம், கட்டிக் கொடுத்த துணிமூட்டை, அதிலிருந்த ஒரு சட்டை. நாற்பது வயது தாண்டிய மகளிடம் அதுவரை சொல்லாதவை.

நாவல் முடிந்த அன்று, "அங்கே செத்தவங்க பேரெல்லாம் எங்கேயாச்சும் எழுதி வெச்சிருக்காங்களாம்மா?" என்று கேட்டார். காஞ்சனபுரியில் போர்க் கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயர் பொறித்திருக்கிறது. நம்மவர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"தேடிப் பார்க்கிறேன்மா" என்றேன்.

இவ்வாண்டுப் பட்டியலில் அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இருக்கிறது. அதுவும் அந்த ரயில் பாதையைப் பற்றியதுதான், 2005இல் வெளிவந்தது. மார்ச் மாதத்துக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தேன். அம்மா விடவில்லை. ஜனவரியிலேயே ஆரம்பித்துவிட்டோம். ஒவ்வோர் இரவும் வெற்றிலைத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, புத்தகத்தை அவரே அலமாரியிலிருந்து எடுத்து வந்து என் மடியில் வைக்கிறார். சில நாள் தலைகீழாக வைத்துவிடுகிறார். நான் திருப்பிக்கொண்டு படிக்கிறேன்.