கார் எங்கே பிறந்தது என்பதா கேள்வி?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ளது முதலமடை. நாட்டிலேயே மிக முன்னதாக மாம்பழம் சந்தைக்கு வரும் ஊர்களில் ஒன்று. ஜனவரி, பிப்ரவரி மாதங்களிலேயே இவ்வூர்த் தோப்புகளின் விளைச்சல் தில்லிக்கு வந்துவிடுகிறது. தலைநகரம் முதலமடையை அறிந்திருப்பது அந்த அளவில்தான். அங்கே ஒரு குடும்பத்தின் கார் பழுதாகி நின்றால் என்ன நடக்கிறது என்பதைத் தலைநகரம் அறியுமா என்பது ஐயமே.

இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. 2025 ஜூலை 24-ஆம் தேதி பிரிட்டனுடன் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தத்தின்படி, அங்கிருந்து வரும் கார்களுக்கு 100 சதவீதத்துக்கும் அதிகமாக இருந்த இறக்குமதி வரி, குறிப்பிட்ட எண்ணிக்கை வரம்புக்குள் படிப்படியாக 10 சதவீதமாகக் குறைய வேண்டும். உடனே பழைய வாதம் புத்துயிர் பெற்றது. வெளிநாட்டுக் கார் வந்தால் உள்நாட்டுக் கார் தாக்குப்பிடிக்குமா என்கிறது ஒரு தரப்பு. நம் ஊர்க் காரை நம்பி நெடுந்தூரம் போக முடியுமா என்கிறது மறுதரப்பு. வரியைப் பற்றிப் பேசும் இரு தரப்பும் பழுது பார்ப்பதைப் பற்றிப் பேசுவதில்லை.

முதலில், உள்நாட்டுக் கார் என்பது எது? அம்பாசிடர் என்பது பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு. பிரீமியர் பத்மினி என்பது இத்தாலியின் ஃபியட் 1100. 1983 டிசம்பரில் இந்திரா காந்தி முதல் வாடிக்கையாளரிடம் சாவியைக் கொடுத்த மாருதி 800, ஜப்பானின் சுசூகி. மலைத் தோட்டங்களில் ஓடும் மகிந்திரா ஜீப்பின் பூர்விகம் அமெரிக்காவின் வில்லிஸ். இப்போது சக்கரம் மறுபக்கம் சுழல்கிறது. இந்தியாவில் தயாரான ஜிம்னி 2025 ஜனவரியில் ஜப்பானில் அறிமுகமானபோது, நான்கே நாள்களில் 50 ஆயிரம் பேர் பதிவு செய்ய, முன்பதிவையே நிறுத்தும்படி ஆயிற்று. தரத்தில் கறாரானவர்கள் எனப் பெயர் பெற்ற ஜப்பானியருக்கு அது இறக்குமதிக் கார்!

தொழில்நுட்பத்தில் வேறுபாடே இல்லை என்று வாதிடுவது நேர்மையாகாது. மாருதி 800 வந்த பிறகுதான், காலையில் சாவியைத் திருப்பியதும் கார் கிளம்பும் என்ற எதிர்பார்ப்பே நம் நடுத்தரக் குடும்பங்களுக்கு ஏற்பட்டது. 1998-இல் வெளிவந்த டாடா இண்டிகா முதலில் புகார்களுக்கு ஆளாகி, 2001-இல் திருத்தப்பட்ட வடிவத்தில்தான் நற்பெயர் பெற்றது. ஆயினும் அடிக்கடி மக்கர் செய்த அம்பாசிடரை இந்த நாடு அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஏன் நம்பியது? அது பழுதாகாது என்பதால் அல்ல. எந்த ஊரில் நின்றாலும் அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தார் என்பதால்.

இலங்கையின் யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெட்ரோல் கிடைக்காத ஆண்டுகளில், ஆஸ்டின் கேம்பிரிட்ஜ், மோரிஸ் மைனர் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிச் சமாளித்தார்கள் அங்குள்ள தமிழர்கள். அத்தனையும் இறக்குமதியான பழைய பிரிட்டிஷ் கார்கள். அவற்றை வாழவைத்தவர்கள் உள்ளூர் மெக்கானிக்குகள்.

முதலமடையில் மாந்தோப்பு வைத்திருக்கும் என் உறவினர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பிய நிறுவனம் ஒன்றின் காரைக் கொச்சியில் பழைய விலைக்கு வாங்கினார். மாங்காய்ப் பருவம் உச்சத்தில் இருந்தபோது அது ஒருநாள் கிளம்ப மறுத்தது. பொள்ளாச்சியிலிருந்து வந்த மெக்கானிக் முன்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர் போட்டுத்தான் பார்க்கணுங்க, அந்தக் கருவிய எங்களுக்கெல்லாம் தரமாட்டாங்க" என்றார். வேறொரு வண்டியில் ஏற்றிக் கோவைக்கு அனுப்பினார்கள். விரல் நீளமுள்ள ஒரு சென்சார் வந்து சேர மூன்று வாரம் ஆயிற்று. அதே வாரத்தில் அவருடைய பழைய ஜீப்பின் கிளட்ச் பிளேட்டும் தேய்ந்தது. காலையில் பொள்ளாச்சிக்குத் தொலைபேசியில் சொன்னார். மதிய பேருந்தில் பொட்டலம் வந்தது. கொல்லங்கோட்டுப் பட்டறையில் மாலைக்குள் மாட்டியாயிற்று. எது நம்பகமான வாகனம் என்று அவரைக் கேட்டால் என்ன சொல்வார்? போடி, கம்பத்திலிருந்து இடுக்கி ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப் ஓட்டுநர்களைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள்.

அந்த மெக்கானிக் சொன்ன சொல்லுக்கு தில்லியில் ஒரு வரலாறு உண்டு. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25-ஆம் தேதி 14 கார் நிறுவனங்களுக்கு ரூ. 2,544 கோடி அபராதம் விதித்தது. அசல் உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் விற்காமலும், பழுதறியும் கருவிகளையும் தொழில்நுட்ப விவரங்களையும் தனியார் பட்டறைகளுக்குத் தராமலும் தடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ், ஸ்கோடா, டொயோட்டா அந்தப் பட்டியலில் இருந்தன. டாடா, மாருதி, மகிந்திரா, இந்துஸ்தான் மோட்டார்ஸும் இருந்தன. டாடா மோட்டார்ஸுக்கு மட்டும் ரூ. 1,346 கோடி. சுதேசி, விதேசி பேதமின்றி எல்லோரும் ஒரே பூட்டைத்தான் போட்டிருந்தார்கள்.

பாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கச் செய்ய வேண்டும், வெளிப் பட்டறையில் பழுது பார்த்தார் என்பதற்காக மட்டும் வாரண்டியை மறுக்கக் கூடாது என்றெல்லாம் ஆணையம் உத்தரவிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. 2016 டிசம்பரில் தீர்ப்பாயம் ஆணையத்தின் முடிவை ஏற்றது. ஆனால் அபராதத்தைக் கணக்கிடும் முறையை மாற்றித் தொகையைக் குறைத்தது. போலிப் பாகங்கள் பெருகும், பாதுகாப்பு கெடும் என்று நிறுவனங்கள் சொல்லும் வாதத்தை முற்றிலும் தள்ளிவிட முடியாது. ஆனால் அசல் பாகம் கிடைக்காத இடத்தில்தானே போலி நுழைகிறது?

இதற்கிடையே நிறுவனங்களே நாட்டைவிட்டுப் போவதும் நடந்தது. தேவூ நொடித்துப்போனது. ஜெனரல் மோட்டார்ஸ் 2017-இல் இங்கு விற்பனையை நிறுத்தியது. மறைமலைநகரில் கார் தயாரித்த ஃபோர்டு 2021-இல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. பாகங்கள் தொடர்ந்து கிடைக்கும் என்ற வாக்குறுதியை நம்பித்தான் அந்தக் கார்களை வைத்திருப்பவர்கள் வண்டி ஓட்டுகிறார்கள்.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் 'பழுது பார்க்கும் உரிமை'க்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. அதில் வாகனத் துறையும் சேர்க்கப்பட்டது நல்ல செய்தி. ஆனால் ஒரு பொருளை எவ்வளவு எளிதில் பழுது பார்க்கலாம் என்பதற்கு மதிப்பெண் தரும் திட்டத்துக்காக 2024-இல் அமைக்கப்பட்ட குழு, கைப்பேசிகளையும் மின்னணுச் சாதனங்களையும்தான் எடுத்துக்கொண்டது. பத்தாயிரம் ரூபாய் கைப்பேசிக்குக் கிடைக்கவிருக்கும் மதிப்பெண், பத்து லட்ச ரூபாய் காருக்கு வேண்டாமா?

பிரிட்டனிலிருந்து வருபவை பெரும்பாலும் செல்வந்தர்களின் கார்கள்தாமே என்று சிலர் கேட்கக்கூடும். இன்று செல்வந்தர் வாங்கும் கார் ஆறேழு ஆண்டுகளில் பாதி விலைக்கும் கீழே இறங்கி, முதலமடை போன்ற ஊர்களில் ஒரு குடும்பத்தின் வாசலில் வந்து நிற்கும். வரிச்சலுகையில் கார் கொண்டுவரும் நிறுவனம் ஒவ்வொன்றும், விற்ற காருக்குக் குறைந்தது பத்தாண்டுகளுக்குப் பாகங்கள் இருப்பு வைத்து, விலைப்பட்டியலை வெளியிட்டு, பழுதறியும் கருவியை நியாய விலைக்குப் பட்டறைகளுக்கு விற்க வேண்டும் என்ற நிபந்தனையை வர்த்தக அமைச்சகம் இப்போதே விதிக்கலாம். இங்கேயே தயாரிக்கும் நிறுவனங்களுக்கும் அதே நிபந்தனை பொருந்த வேண்டும்.